அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வாயிற்காவல்



மருத்துவமனை என்றதும் வார்டும் அறுவைச் சிகிச்சை அறையும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றுக்குப் பின்னால் ஓர் அலுவலகமும் இருக்கிறது. நோயாளியின் பதிவு, இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக் கணக்கு, சம்பளப் பட்டியல், காணிக்கை அனுப்புகிறவர்களின் பெயர் விலாசம் ஆகியவை இன்று பெரும்பாலும் அங்குள்ள கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன. அவை ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால் என்னவாகும் என்பதை அயர்லாந்து தேசம் 2021-இல் கண்டது.

அந்நாட்டு அரசு சுகாதாரத் துறையில் ஒருவர் 2021 மார்ச் 18 அன்று, மின்னஞ்சலோடு வந்த ஓர் எக்செல் கோப்பைத் திறந்தார். பார்வைக்குச் சாதாரணக் கோப்புதான். உள்ளே தீய நிரல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அது கண்டதைக் குறித்துக்கொள்ளும்படி மட்டுமே அமைக்கப்பட்டிருந்தது, தடுக்கும்படி அமைக்கப்படவில்லை. தாக்கியவர்கள் எட்டு வாரம் உள்ளேயே இருந்து மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் பரவினார்கள். மே 14 அதிகாலையில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். மருத்துவமனைகள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையும் தடைபட்டது. பூட்டைத் திறக்கும் சாவியைத் தாக்கியவர்களே ஆறு நாளில் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் எல்லா சர்வர்களையும் மீட்டு முடிக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட தீய நிரல்கள் பெரும்பாலும் ஏதாவதொரு சமயத்தில் ஒரு கெட்ட இணையதளத்தை நாடுகின்றன. சில சமயம் மின்னஞ்சலில் உள்ள சுட்டியை ஊழியர் அழுத்துவதே வாசலாகிறது. வேறு சில சமயம், ஏற்கெனவே உள்ளே புகுந்த நிரல் தன் எஜமானிடம் கட்டளை கேட்கிறது. இரண்டிலும் கம்ப்யூட்டர் முதலில் செய்யும் வேலை ஒன்றே. அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி விலாசம் விசாரிப்பது.

புது ஊருக்குப் போனால் தேநீர்க் கடையில் நின்று, "இன்னார் வீடு எங்கே?" என்று கேட்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு கடை உண்டு. டி.என்.எஸ். என்று அதற்குப் பெயர். இணையதளத்தின் பெயரைச் சொன்னால், அதற்குரிய எண் விலாசத்தை அது சொல்லும். 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த ஏற்பாடு இது. கடைக்காரர் கெட்டவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவர்களுடைய வீட்டுக்கு மட்டும் வழி சொல்ல மறுத்தால் எப்படியிருக்கும்? கெட்ட தளங்களைத் தடுக்கும் சேவைகள் செய்வது அதைத்தான்.

'குவாட்9' என்பது அவற்றில் ஒன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள லாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது, கட்டணம் இல்லை. அலுவலகத்தின் ரௌட்டரில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 9.9.9.9 என்று எழுதிவிட்டால், அந்த ரௌட்டரிடம் அமைப்பைக் கேட்டுப் பெறும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காவல் கிடைத்துவிடுகிறது. மேசை மேசையாகப் போய் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கையில் அதிகப் பணமோ தனிக் கம்ப்யூட்டர் நிபுணரோ இல்லாத அலுவலகங்களுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் சுற்றிப் போகும் வழிகளும் உண்டு. யாராவது தம் கம்ப்யூட்டரில் வேறு டி.என்.எஸ். விலாசத்தை எழுதிக்கொள்ளலாம். ஆகையால் வேறு எந்தக் கடையிலும் விசாரிக்க முடியாதபடி ரௌட்டரிலேயே அடைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற பிரௌசர்கள் தாமாகவே வேறிடத்தில் இரகசியமாக விலாசம் கேட்கக்கூடும். அந்த வசதியையும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் நிறுத்திவைப்பது நல்லது. இன்னொரு சங்கடம், குவாட்9 ஒரு தளத்தைத் தடுக்கும்போது "தடுத்தேன்" என்று சொல்வதில்லை. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்றுதான் பதில் வரும். ஊழியர் இணைப்புப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். நல்ல தளமும் எப்போதாவது பட்டியலில் சிக்கிக்கொள்ளும். பரிசோதனைக் கூடத்துக்கு ரசாயனம் அனுப்பும் கம்பெனியின் பக்கம் அவசரத்தில் திறக்காவிட்டால் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.

பல நிர்வாகிகள் இதோடு சினிமா, கிரிக்கெட், அரட்டைத் தளங்களையும் சேர்த்து அடைத்துவிட ஆசைப்படுகிறார்கள். அது ஒழுங்கு பற்றிய காரியம், பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் ஊழியர்கள் தங்கள் கைபேசியின் இணைப்பை அலுவலகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதோடு காவல் முழுவதும் போயிற்று.

பட்டியல் ஒன்றையே நம்பவும் கூடாது. 2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற தீய நிரல் இங்கிலாந்தில் 80 அரசு மருத்துவமனை நிர்வாகங்களையாவது பாதித்தது. யாரும் கெட்ட தளத்துக்குப் போகத் தேவையில்லாமலே, விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக அது பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! அந்த நிரலில் ஒரு விசித்திரமும் இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முதலில் பொருளற்ற நீண்ட பெயருடைய ஓர் இணையதளத்தைத் தேடும். அது கிடைத்தால் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் அந்தப் பெயரைப் பதிவு செய்ததும் நிரல் பரவுவது தணிந்தது. அந்தப் பெயரையும் கெட்டது என்று எண்ணி அடைத்துவைக்கும் அலுவலகத்தில் நிரலுக்குப் பதில் கிடைக்காது, அதன் வேலையும் நிற்காது. ஆகவே அதை அடைக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் சபை அலுவலகத்திலும் அங்கத்தினர் பட்டியலும் காணிக்கைக் கணக்கும் கம்ப்யூட்டரில் இருக்கக்கூடும். ரௌட்டரைப் பொருத்திக் கொடுத்தவர் அடுத்த முறை வரும்போது மூன்று காரியங்களைக் கேளுங்கள்: நமது டி.என்.எஸ். எது, அது கெட்ட தளங்களைத் தடுக்கிறதா, ரௌட்டருக்கு ஆதியில் கம்பெனி வைத்த கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.