குதிரையின் பின்புறத்தில் ஒரு ஜெட்

பழைய பொண்ட் படம் 'ஒக்டோபஸி' (1983) ஓடினால் மன்னார் உப்புக்குளத்து வீட்டில் நாங்கள் ஆவலோடு தேடும் முகம் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ்தான். ஆனால் அவர் வருவதற்குள் ஒரு குட்டி விமானம் வந்து கண்ணைப் பறித்துவிடும். குதிரை ஏற்றும் வண்டியின் கதவு திறக்க, ஒரு குதிரையின் பின்புறம் தெரியும். அது பொய்ப் பின்புறம்! அதைத் தூக்கினால் உள்ளே ஜெட்! மன்னாரில் எடுத்திருந்தால் கழுதையை வைத்திருக்கலாம். ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து, விமானக் கொட்டகையின் ஒரு வாசலால் புகுந்து மறு வாசலால் பாயும் அந்தக் காட்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே பார்த்தீர்கள்? கொட்டகைக்குள் அது பறக்கவே இல்லை. கூரை வெட்டிய ஒரு ஜாகுவார் காரின் மேல் கம்பத்தை நட்டு, அதில் விமானத்தைச் சரித்துக் குத்திவிட்டு, காரை ஓட்டியிருக்கிறார்கள்! காரும் கம்பமும் தெரியாமலிருக்க முன்னால் ஆட்களும் தட்டுமுட்டுச் சாமான்களும். வெளியே வானத்தில் பறந்தது மட்டும் அசல். ஓட்டியவர் கோர்க்கி ஃபோர்னொவ் என்ற சாகச விமானி.

விமானத்தின் பெயர் பிடி-5ஜே. நீளம் நாலு மீற்றருக்கும் குறைவு. நம்ம கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளம்கூட இதைவிட நீளம். மணிக்கு 480 கிலோமீற்றர் அளவில் பறக்கும். இந்த வகையில் ஒன்று, வெறும் 162 கிலோ நிறையோடு, உலகின் மிக இலகுவான ஜெட் என்று கின்னஸ் ஏறியது. வடிவமைத்தவர் அமெரிக்கர் ஜிம் பீடி. ஆமாம், கடையில் கட்டுக்கட்டாய் விற்கும் பீடிதான், உச்சரிப்பில்!

ஜெட் உண்மையில் கண்காட்சிப் பிள்ளை. பிரான்ஸின் மைக்ரோடர்போ எஞ்சின் பூட்டிய சிலவே பறந்தன. பீடி ஊருக்கு விற்றது அதே உடம்பில் விசிறி பூட்டிய பிடி-5ஐ: பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி வீட்டுக் கராஜில் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேல் விற்றது. பெட்டி வந்தது, எஞ்சின் வரவில்லை! பனிவண்டிக்கு எஞ்சின் செய்த ஜெர்மனியின் ஹிர்த் நிறுவனத்தை நம்பியிருந்தார். அது 1974இல் நொடித்தது. வள்ளத்துக்குக் காசு கட்டிவிட்டு எஞ்சினுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வயிற்றெரிச்சலைச் சொல்வார். வேறு எஞ்சின் தேடிப் பூட்டியவர்களில் பலர் முதல் பறப்பிலேயே விழுந்தார்கள். 1979இல் பீடியின் கம்பனியும் நொடித்தது. பத்து வருடத்துக்கு விமானத்துக்கென்று யாரிடமும் முற்பணம் வாங்குவதில்லை என்று அரசிடம் ஒப்புக்கொண்டார்.

ஆக, பொண்ட் அதில் பறந்து காட்டியபோது கம்பனி மூடி நாலு வருடம்!

மனுசன் அடங்கினாரா? ஒலியை முந்தும் சொந்த ஜெட் என்று பிடி-10ஐ 1992இல் பறக்கவிட்டார். அது ஒலியை முந்தவேயில்லை. கட்டிய ஐந்தில் மூன்று விழுந்தன, ஓட்டியவர்களும் தப்பவில்லை. அதை இங்கே சிரித்துக்கொண்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

படத்துக்கே திரும்புவோம். எரிபொருள் தீர்ந்ததும் பொண்ட் நெடுஞ்சாலையில் இறங்கி, நேரே பெற்றோல் செட்டுக்குள் உருட்டிக்கொண்டு போய் நிற்பார். கராஜில் பெட்டியோடு குந்தியிருந்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தார்களோ, டிவியை நிறுத்தினார்களோ.