குழந்தைப் பாடகரின் குரலை எப்படி மதிப்பிடுவது? மேடையில் நடுவர் கேட்க வேண்டியவை

கொச்சி: பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறி, பெரியவர் ஒருவர் பாடிப் புகழ்பெற்ற திரைப்பாடலை அப்படியே பாடி முடிக்கிறாள். அரங்கம் கைதட்டுகிறது. நடுவர் எதற்கு மதிப்பெண் இடுவது? குரலுக்கா, மேடைப் பாங்குக்கா, மூலப் பாடகரைப் போலவே ஒலித்ததற்கா? கேரளப் பள்ளிக் கலைவிழா முதல் தொலைக்காட்சிப் போட்டிகள் வரை ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. இதற்கான விடையில் பரிசு மட்டுமன்றி, வளரும் ஒரு குரலின் எதிர்காலமும் அடங்கியுள்ளது.

மட்டாஞ்சேரியின் இசை மரபு

கொச்சியின் மட்டாஞ்சேரி, வணிகத்தின் பொருட்டுக் குடியேறிய பல சமூகத்தினர் சேர்ந்து வாழும் பகுதி. மெஹ்ஃபில் எனப்படும் இரவு நேர இசைக்கூடல்கள் இங்கு நெடுங்காலமாக நடந்துவருகின்றன. பாடகர் மெஹ்பூப், கஜல் பாடகர் உம்பாயி ஆகியோர் இந்த மண்ணில் உருவானவர்கள். பின்னணிப் பாடகர் கே.ஜே. யேசுதாஸ் 1940ஆம் ஆண்டு பிறந்ததும் அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில்தான்.

மெஹ்ஃபிலில் மதிப்பெண் தாள் இல்லை. நன்றாகப் பாடினால் ‘வாஹ்’ என்ற குரல் எழும், அவ்வளவுதான். பள்ளி மேடையின் நிலை வேறு. இப்பகுதி மாணவர் ஒருவர் பள்ளி, மட்டாஞ்சேரி கல்வி உபமாவட்டம், எர்ணாகுளம் மாவட்டம் ஆகிய படிகளைக் கடந்தே மாநிலக் கலைவிழாவை எட்ட முடியும். 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய இவ்விழாவில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் பெறுவோருக்கு ‘ஏ’ கிரேடு வழங்கப்படுகிறது. மாநில அளவில் பெறும் கிரேடு, பொதுத்தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணாகவும் மாறுகிறது. முடிவை எதிர்த்து மேல்முறையீடுகள் குவிவதும், சில வேளைகளில் விவகாரம் நீதிமன்றம் வரை செல்வதும் இதனால்தான்.

காதால் அளக்க வேண்டியவை

முதலாவது சுருதி. பாடல் தாழ்ந்த இடத்தில் நிற்கும்போது பெரும்பாலான குழந்தைகள் சுருதி சேர்ந்தே பாடுவர். மேல் ஸட்ஜத்தை எட்டும்போதும், நீண்ட கார்வைக்குப் பின் அடுத்த அடியை எடுக்கும்போதும் சேர்கிறதா என்பதே சோதனை.

இரண்டாவது லயம். மேடை அச்சத்தில் குழந்தைகள் காலப்பிரமாணத்தை மீறி விரைவது இயல்பு. தொடங்கிய வேகத்திலேயே முடித்தால், அது பயிற்சியின் அடையாளம்.

மூன்றாவது மூச்சு. சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் சிதையும். குழந்தையின் நுரையீரல் சிறியது. எனவே பெரியவரைப் போல நீண்ட அடியை ஒரே மூச்சில் பாடவில்லை என்பது குறையாகாது. எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

நான்காவது கமகமும் உச்சரிப்பும். வேகமான பிருகாக்கள் கைதட்டலைப் பெற்றுத் தரும். ஆனால் அவற்றில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துத் தெளிவாகக் கேட்கிறதா என்பதே முக்கியம்.

வளரும் குரல்வளை

பிறந்த குழந்தையின் குரல் நாண்கள் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வளர்ந்த ஆணுக்கு அவை ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். நீளம் மட்டுமல்ல, நாண்களின் உள்ளடுக்குகள் முழு வடிவம் பெறுவதும் பதின்பருவத்தில்தான். ஆகவே கனத்த, உரத்த குரலை ஒரு குழந்தையிடம் எதிர்பார்ப்பது, இல்லாத ஒன்றைக் கேட்பதாகும். அதை எட்டுவதற்காகத் தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கம் தொடர்ந்தால், நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றிக் குரல் கரகரப்பாகலாம்.

இறுக்கத்தின் அறிகுறிகளை மேடையிலேயே காணலாம்: கழுத்து நரம்பு புடைத்தல், மோவாய் மேலெழுதல், மூச்சுக்கு மூச்சு தோள் உயர்தல். பாடல் முடிந்தபின் குழந்தையின் பேச்சுக் குரல் கம்மியிருந்தால், கட்டையும் பாடலும் பொருந்தவில்லை என்று பொருள். பெரும்பாலும் இது பயிற்றுவித்தவரின் தேர்வுப் பிழையே.

சிறுவர்களுக்கு மற்றொரு கட்டமும் உண்டு. ஏறத்தாழ 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடைந்து, சுமார் ஒரு ஸ்தாயி இறங்கும். தமிழ் நாடக உலகம் இதை ‘மகரக்கட்டு’ என்றது. பாய்ஸ் கம்பெனிகளில் பாடி நடித்த சிறுவர்கள், மகரக்கட்டு வந்ததும் வேடங்களை இழந்ததுண்டு. பின்னாளில் நட்சத்திரமான பி.யு. சின்னப்பாவும் அந்த நெருக்கடியைக் கடந்தவரே.

கண் ஏமாற்றும்

2013இல் வெளியான சியா ஜுங் சாய் என்பவரின் ஆய்வு, இசைப் போட்டிகளின் ஒலியற்ற காணொளியை மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட வெற்றியாளரைச் சரியாகக் கண்டறிந்ததாகக் கூறுகிறது. தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். நடுவர்களின் தீர்ப்பில் காட்சி எவ்வளவு கலந்துள்ளது என்பதற்கு இது சான்று. பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப்போட்டி முடிவுகளை ஆராய்ந்தவர்கள், பின்வரிசையில் வாசித்தோருக்குச் சாதகம் இருந்ததையும் கண்டனர்.

இதனால் மேடைப் பாங்கு தேவையற்றது என்று ஆகிவிடாது. ஒலிவாங்கியை எட்டப் பிடிப்பதும் நெருங்கிப் பிடிப்பதும், பிழை நேர்ந்தபின் தடுமாறாமல் தொடர்வதும், பாடலின் பொருளை உணர்ந்து பாடுவதும் உண்மையான திறன்களே. பகட்டான உடையும், வயதுக்கு ஒவ்வாத காதல் பாவனையும் அவ்வாறல்ல. நடனப் போட்டிகளில் குழந்தைகளை அவர்தம் வயதுக்குப் பொருந்தாத முறையில் காட்ட வேண்டாம் என மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் தொலைக்காட்சிகளை அறிவுறுத்தியது. குழந்தைக் கலைஞர்கள் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலோ பணியாற்றக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்த விதி.

எனவே ஒலிக்கும் காட்சிக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவதும், சுருதிக்கும் லயத்துக்கும் உரிய மதிப்பெண்ணைத் தலை நிமிராமல் கேட்டே எழுதுவதும் நடுவருக்குப் பாதுகாப்பான வழி.

தீர்ப்பும் எதிர்காலமும்

1958ஆம் ஆண்டு மாநிலக் கலைவிழாவில் சாஸ்திரிய சங்கீதத்தில் முதலிடம் பெற்றவர் யேசுதாஸ். மிருதங்கத்தில் முதலிடம் பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். அந்த நடுவர்களின் காது தவறவில்லை. ஆனால் அதே யேசுதாஸ் பின்னர் திருவனந்தபுரம் வானொலியின் குரல் தேர்வில் நிராகரிக்கப்பட்டார் என்பதும் பரவலாக அறியப்பட்ட செய்தி. 1961இல் அவர் தமது முதல் திரைப்பாடலைப் பாடினார்.

தேர்ந்த குரலையே ஒரு தேர்வு தவறவிட முடியும் என்றால், இன்னும் உருவாகாத குரலின் மீது இறுதித் தீர்ப்பு எழுத எவராலும் இயலாது. குழந்தை இன்று தன் குரலைக் கொண்டு எவ்வளவு உண்மையாகப் பாடியது என்பதை மட்டுமே நடுவரால் மதிப்பிட முடியும். பரிசு கிட்டாத குழந்தையிடம் பெற்றோர் சொல்ல வேண்டியதும் அதுவே.