தென்னையைச் சுற்றிப் புல் வெட்டுதல்: டிராக்டரில் வெட்டுத் தட்டு அமையவேண்டிய இடம்

கொச்சித் துறைமுகத்தை அடுத்துள்ள மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு, கொப்பரை, தேங்காய் எண்ணெய் முதலிய சரக்குகளின் வாணிபம் நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளது. பழைய பண்டகசாலைகளுக்கு இடையே செல்லும் தெருக்கள் குறுகலானவை. அத்தகைய தெருவில் சுவரையொட்டி நிற்கும் லாரி ஒன்று புறப்படும்போது, ஓட்டுநர் அதனைச் சுவருக்கு எதிர்ப்புறமாகத் திருப்புகிறார். லாரியின் முகப்பு சுவரைவிட்டு விலகுகிறது. ஆனால் பின் சக்கரங்களுக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதியோ சுவரை நோக்கி நகர்கிறது. பின்னால் நின்று குரல் கொடுக்கும் கிளீனர் இதனை நன்கு அறிவார்.

லாரியில் ஏற்றப்படும் கொப்பரை விளைந்த தோப்பிலும் இதே விதி செயற்படுகிறது. அங்கே லாரியின் வாலுக்குப் பதிலாக டிராக்டரில் பொருத்திய புல்வெட்டும் கருவியும், சுவருக்குப் பதிலாகத் தென்னையின் அடிமரமும் இருக்கின்றன. சுவரில் பெயர்ந்த காரையை மீண்டும் பூசிவிடலாம். தென்னையில் ஏற்பட்ட காயத்தை அவ்வாறு மூடிவிட இயலாது. ஆதலின் வெட்டும் கருவியை டிராக்டரின் எப்பகுதியில் பொருத்துவது, பொருத்தியபின் எவ்வாறு திருப்புவது என்பவை தோப்பின் ஆயுளைப் பற்றிய கேள்விகளாகின்றன.

தென்னையின் காயம் ஆறுவதில்லை

மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை என்னும் மெல்லிய உயிருள்ள அடுக்கு உண்டு. பட்டை உரிந்தால் இவ்வடுக்கு காயத்தின் விளிம்புகளிலிருந்து புதிய திசுவை உண்டாக்கிச் சிறிது சிறிதாக மூடிவிடுகிறது. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் இத்தகைய வளர்படை இல்லை. மரம் ஏறுவதற்காக என்றோ வெட்டப்பட்ட படிகள் மரம் உள்ளவரை அப்படியே நிற்பதை எந்தத் தோப்பிலும் காணலாம்.

ஆறாத காயம் பகைவருக்குத் திறந்த வாயிலாகும். சிவப்புக் கூன்வண்டு இத்தகைய காயங்களை நாடி முட்டையிடுகிறது. வெளிவரும் புழுக்கள் தண்டின் உட்பகுதியைத் தின்று மரத்தையே சாய்த்துவிடக்கூடும். தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடியும் நோயை உண்டாக்கும் பூஞ்சையும் வெடிப்புகள், காயங்கள் வழியாகவே உள்ளே புகுகிறது. அறுபது ஆண்டு பயன் தரக்கூடிய மரம் ஒரு கணக் கவனக்குறைவினால் இழக்கப்படலாம்.

இவ்வளவு ஆபத்து இருக்கையில் டிராக்டரைத் தோப்பினுள் கொண்டு செல்வானேன் என்று கேட்கலாம். கொச்சிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அம்மழையில் புல்லை அடியோடு உழுது நீக்கினால் மேல்மண் கரைந்து போகும். புல்லை வேரோடு விட்டு, மேற்பகுதியை மட்டும் வெட்டி, அதனையே மரத்தடியில் மூடாக்காக இடுவது மண்ணையும் ஈரத்தையும் காக்கும் வழியாகும்.

கருவி அமையும் மூன்று இடங்கள்

கத்திகள் சுழலும் அகன்ற இரும்பு மூடியை இங்கு வெட்டுத் தட்டு என்று குறிப்பிடுவோம். அது டிராக்டரின் பின்புறமோ, நடுவயிற்றின் கீழோ, முன்புறமோ அமையலாம்.

பின்புற அமைப்பே இந்தியத் தோப்புகளில் பெரிதும் காணப்படுவது. ஹாரி பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு இன்று ஏறக்குறைய எல்லா விவசாய டிராக்டர்களிலும் உள்ளது. நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுழலும் பி.டி.ஓ. தண்டும் பின்புறத்திலேயே இருப்பதால் கருவியைப் பொருத்துவது எளிது, செலவும் குறைவு. ஆனால் சக்கரங்கள் புல்லை மிதித்துச் சென்ற பின்னரே கத்தி வருவதால், படிந்த புல் வெட்டுப்படாமல் எஞ்சுவதுண்டு. ஓட்டுநரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடு அமைப்பு முன், பின் அச்சுகளுக்கு இடையே தொங்குவது. மேடு பள்ளங்களுக்கு இணங்கிச் செல்வதில் இது சிறந்தது. எனினும் வண்டியின் அடியில் இடைவெளி குறைவாதலால், விழுந்த மட்டையும் தேங்காய் மட்டையும் சிக்கிக்கொள்ளும். புல்தரைகளுக்கென்று செய்யப்பட்ட சிறு டிராக்டர்களுக்கே இது ஏற்றது.

முன் அமைப்பில் சக்கரம் மிதிக்கும் முன்பே புல் வெட்டப்படுகிறது. கல், தேங்காய், தென்னம்பிள்ளை யாவும் ஓட்டுநரின் கண்ணெதிரே தெரிகின்றன. ஆனால் சாதாரண டிராக்டரில் இதற்கென முன்புற இணைப்பும் முன்புற பி.டி.ஓ.வும் தனியே பொருத்தவேண்டும்.

திருப்பத்தின் கணக்கு

முன்சக்கரங்கள் திரும்பும் டிராக்டரில், திருப்பத்தின் மையம் எப்பொழுதும் பின் அச்சை நீட்டிய கோட்டின்மேல் அமைகிறது. ஆகவே பின் அச்சுக்கு முன்னே உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஓட்டுநர் திருப்பும் திசையிலும், பின்னே உள்ள ஒவ்வொரு புள்ளியும் முதலில் அதற்கு எதிர்த்திசையிலும் நகரும்.

மரம் வலப்புறம் இருக்கிறது, ஓட்டுநர் அதனைத் தவிர்க்க இடப்புறம் திருப்புகிறார் எனக் கொள்வோம். முன் தட்டும் நடுத் தட்டும் உடனே மரத்தைவிட்டு விலகுகின்றன. பின் தட்டு மரத்தை நெருங்குகிறது. தட்டின் பின்மூலை, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் வலப்புறமும் அச்சிலிருந்து 1.5 மீட்டர் பின்னாலும் இருக்கட்டும். அச்சின் நடுப்புள்ளி 4 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், அம்மூலை தன் நேர்க்கோட்டைவிட்டு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண், வெளியே வீசும். மரத்திற்கும் தட்டிற்கும் அரைச் சாண் இடைவெளி இருந்ததென்று நம்பித் திருப்பிய ஓட்டுநர், விலகுவதற்காகச் செய்த செயலாலேயே மரத்தை வெட்டிவிடுகிறார்.

மரத்தையே மையமாகக் கொண்டு சுற்றிவரும்போது கணக்கு வேறாகிறது. அப்போது மரத்திற்கு மிக அருகில் வருவது பின் அச்சின் உட்புறமே. அச்சிலிருந்து முன்னோ பின்னோ தள்ளி நிற்கும் தட்டு, மரத்தினின்றும் அதிக தொலைவில் சுற்றும். உட்சக்கரத்தின் வெளிவிளிம்பு மரத்தின் மையத்திலிருந்து 1.8 மீட்டரில் செல்வதாகவும், தட்டுகளின் விளிம்பும் அதே கோட்டில் அமைந்ததாகவும் கொள்வோம். அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னே உள்ள நடுத் தட்டின் கத்தி 1.97 மீட்டர் வரை நெருங்கி வெட்டும். 1.5 மீட்டர் பின்னே உள்ள கத்தி 2.34 மீட்டரிலேயே நின்றுவிடும். 2.5 மீட்டர் முன்னே உள்ள கத்தியோ 3.08 மீட்டருக்கு உள்ளே எட்டாது. முன் தட்டின் ஓட்டுநர் இவ்வாறு எஞ்சும் புல்லைக் கண்டு இன்னும் நெருங்கித் திருப்பினால், கத்தி தப்பினாலும் பின்சக்கரம் உட்புறமாக வெட்டிச் சென்று வட்டப்பாத்தியை மிதிக்கும்.

இக்குறையை நீக்கவே, முன் தட்டுக்கென்று செய்யப்பட்ட தனி யந்திரங்களில் பின்சக்கரங்கள் திரும்புமாறு அமைக்கின்றனர். அவற்றில் திருப்பத்தின் மையம் முன் அச்சின் கோட்டில் வருவதால் தட்டு அதற்கு மிக அருகில் அமைகிறது. ஆயினும் அங்கே யந்திரத்தின் வால் வெளியே வீசும் என்பதை மறக்கலாகாது.

தோப்பில் பின்பற்றத்தக்கவை

தென்னையை 7.5 மீட்டர் சதுர இடைவெளியில் நடும்போது ஒரு மரத்திற்கு 56 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான நிலம் கிடைக்கிறது. 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி அதில் ஏறக்குறைய 10 சதுர மீட்டரே. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி இப்பாத்தியையொட்டியே பரவியிருத்தலால், டிராக்டருக்கு அங்கு வேலை இல்லை. அடுத்தடுத்த பாத்திகளுக்கு இடையே 3.9 மீட்டர் அகலமான வழி கிடைக்கிறது. அவ்வழியில் நேராகச் சென்று, பின்னர் குறுக்காகவும் சென்றால், மரத்தைச் சுற்றவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. எஞ்சும் மூலைகளையும் பாத்தியையும் அரிவாளால் முடிப்பதே முறை.

பின் தட்டு உடையவர், கருவியின் பின்விளிம்பு மரத்தைக் கடந்த பின்னரே மரத்தினின்றும் விலகித் திருப்பவேண்டும். முன் தட்டு உடையவர், பின்சக்கரம் கடந்த பின்னரே மரத்தை நோக்கித் திருப்பவேண்டும். நடுத் தட்டு உடையவர் தொடங்குமுன் மட்டைகளை அகற்றவேண்டும். எவ்வமைப்பாயினும் பி.டி.ஓ. தண்டின் காப்புறை கழன்றிருத்தல் கூடாது. கத்தி சுழலும்போது எவரும் அருகில் நிற்கலாகாது.

மேனாட்டுப் பழத்தோட்டங்களில், உணர்கோல் மரத்தில் பட்டவுடன் வெட்டும் கை தானே உள்ளிழுத்துக்கொள்ளும் அமைப்பு வழக்கில் உள்ளது. முற்றிய மரங்களுக்கு அது உதவும். கோலின் அழுத்தத்தைத் தாங்காத இளம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

பொள்ளாச்சிப் பகுதியின் வரிசைத் தோப்புகளில் இம்முறைகள் எளிதில் கைக்கொள்ளத்தக்கவை. கொச்சியைச் சூழ்ந்த தீவுகளின் வீட்டுத் தோட்டங்களில் மரங்கள் ஒழுங்கின்றி நெருங்கி நிற்பதால் டிராக்டருக்கு இடமில்லை. அங்கே தோளில் தொங்கவிடும் புல்வெட்டியே பயன்படுகிறது. அதன் நைலான் கயிறும் இளந்தென்னையின் அடியைக் காயப்படுத்தும். ஆகையால் பிள்ளையைச் சுற்றிக் கையாலேயே களையெடுத்தல் நலம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்விதியை ஓர் அட்டைத் துண்டினால் விளக்கலாம். 7.2 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டையை டிராக்டராகக் கொண்டு, அதன் குறுக்கே பின் அச்சுக் கோட்டை வரைக. அக்கோட்டிற்குப் பின்னே 6 சென்டிமீட்டர் அட்டை நீண்டிருக்கவேண்டும். அச்சின் நடுவிலிருந்து இடப்புறம் 16 சென்டிமீட்டர் தொலைவில், அதே கோட்டின் நேரே, ஒரு ஈர்க்குச்சியை ஒட்டி அதன் முனையைக் குண்டூசியால் தாளில் குத்துக. அட்டையின் வலவிளிம்பையொட்டித் தாளில் நேர்க்கோடு ஒன்று வரைந்தபின், அட்டையை மெதுவாக முன்னோக்கிச் சுழற்றினால், முன்மூலை கோட்டைவிட்டு உள்ளே செல்வதையும் பின்மூலை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டுவதையும் மாணவர் நேரில் காண்பர். இருபத்தைந்து மடங்கு பெருக்கினால் அதுவே தோப்பில் காணும் ஒரு சாண்.

அந்த ஒரு சாண் எந்தப் பக்கம் வீசும் என்பதை அறிந்து திருப்பும் ஓட்டுநரிடம் மூன்று அமைப்புகளுமே நல்ல கருவிகளாகும்.