அலுமாரிக்குத் திரும்பும் புத்தகங்கள்

நயோமி முனவீர 2012இல் எழுதிய ‘ஐலண்ட் ஒஃப் எ தௌசண்ட் மிரர்ஸ்’ நாவலில் சரஸ்வதி என்றொரு தமிழ்ப் பெட்டை வருகிறாள். ஆசிரியையாக வர ஆசைப்பட்டவள். படையினர் அவளைப் பிடித்துச்சென்று வன்புணர்கிறார்கள். எனக்கு அதைவிடக் கொடியவையாகப் பட்டவை அதற்குப் பிறகு வரும் பக்கங்கள். ஊருக்கு முகம்கொடுக்க முடியாத பெற்றோரே அவளை இயக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அளவெட்டியில் ஏ.எல். படிக்கும் பிள்ளை இதைக் கையில் எடுத்தால், முன்கூட்டி ஒரு சொல் சொல்ல வேண்டாமா?

மேலைநாட்டு இளையோர் நாவல்கள் பலவற்றில் முதல் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது: உள்ளே பாலியல் வன்முறை உண்டு என்று. எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. “இது இப்ப உமக்குச் சரிவராது பிள்ளை, சோதனை முடியட்டும்.” புத்தகம் அலுமாரிக்குத் திரும்பிவிடும். ஏன் சரிவராது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கிருஷாந்தி குமாரசுவாமி சோதனை எழுதிவிட்டுத்தான் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். 1996 செப்டெம்பர் 7, உயர்தர இரசாயனவியல். வயது 18. செம்மணிக் காவலரணில் மறித்த படையினர் கூட்டாக வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூட உயிரோடு திரும்பவில்லை. 2025இல் செம்மணியில் புதைகுழிகளுக்காக மறுபடி மண்ணைத் தோண்டியபோது அந்தப் பெயர் பத்திரிகைகளில் திரும்பவும் வந்தது. தேத்தண்ணிக்கடை வாங்கில் கிடக்கும் பேப்பரை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வாசிக்கும். அதற்கு எச்சரிக்கை கிடையாது. நாவலுக்கு மட்டும் பூட்டு!

இத்தனைக்கும் எமிலி ஸோலாவின் ‘நாநா’வைத் தமிழாக்கி, 1950களின் தொடக்கத்திலேயே ‘சுதந்திரன்’ பத்திரிகையில் தொடராக விட்ட அ.ந. கந்தசாமி அளவெட்டிக்காரர். விலைமாதின் கதை வீடுகளுக்குள் போனதால் ஊர் இடிந்து விழவில்லை.

எச்சரிக்கைக் குறிப்பால் மனவேதனை குறைவதில்லை, வாசிக்குமுன் கொஞ்சம் பதற்றம்தான் கூடுகிறது என்கிறது 2023இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று. இருக்கட்டும். வேதனையைக் குறைக்கும் மருந்தாக நான் அதைக் கேட்கவில்லை. தனக்கே அப்படியொன்று நடந்த பிள்ளை, அந்தப் பக்கத்தை ரியூசன் இடைவேளையில் தற்செயலாகத் திறக்கக்கூடாது. எப்போது வாசிப்பது, யார் பக்கத்தில் இருக்க வாசிப்பது என்பதை அவளே முடிவெடுக்கட்டும்.

“வயது வந்தோருக்கு மட்டும்” என்ற சினிமா முத்திரை இதற்கு உதவாது. வாசிகசாலைப் புத்தகத்தில் திகதி குத்தும் தாளுக்கு அருகே இரண்டு வரி போதும். என்ன வருகிறது, எந்த அத்தியாயத்தில் வருகிறது, கூடவே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம். அத்தியாயம் தெரிந்தால், அதை மட்டும் தாண்டி மிச்சக் கதையை வாசிக்க நினைக்கும் பிள்ளையும் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்.