கவசம் அணிந்து கற்கும் சரித்திரம்

சென்ற காலத்தை அறிதற்கு நமக்குள்ள வழிகள் இரண்டு என்பர். அக்காலத்தார் எழுதி வைத்தவற்றைப் படித்தல் ஒன்று; மண்ணுள் மறைந்து கிடப்பவற்றை அகழ்ந்தெடுத்து ஆராய்தல் மற்றொன்று. இவ்விரண்டோடு மூன்றாவது வழியொன்றும் உண்டு. பழம்பொருள் ஒன்றை அது செய்யப்பட்ட முறையிலேயே மீண்டும் செய்து, அணிந்தும் சுமந்தும் பயன்படுத்தியும் பார்த்தலே அவ்வழியாகும். இம்மூன்றாம் வழியைத் தமக்கு உரியதாகக் கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமப் படைவீரனின் வாழ்வை ஆராய்ந்து வரும் குழுக்கள் ஐரோப்பாவில் பல உள. நேயர்களே, இவர்கள் செய்வது யாது, அதனால் சரித்திர அறிவுக்கு விளையும் பயன் யாது, அதன் எல்லை யாது என்பவற்றை இன்று சிறிது நோக்குவோம்.

இத்தகைய குழுக்களுள் பழமையானது, இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர்ப் பகுதியில் 1972ஆம் ஆண்டு தோன்றிய ‘எர்மின் வீதிக் காவற்படை’ என்பது. எர்மின் வீதி என்பது அப்பகுதியூடாகச் செல்லும் பழைய உரோம நெடுஞ்சாலையின் பெயர். ஊர்விழா ஒன்றையொட்டி வேடம் பூண்ட சிலரது முயற்சியே நாளடைவில் ஆராய்ச்சிக் குழுவாக வளர்ந்தது. இக்குழுவினர் கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவிலிருந்த உரோமப் படையைத் தமக்குப் பொருளாகக் கொண்டனர். இத்தாலியில் 1994ஆம் ஆண்டு ‘உரோமச் சரித்திரக் குழு’ எழுந்தது. உரோம நகரின் பிறந்தநாளாகக் கருதப்படும் ஏப்பிரல் 21ஆந் திகதியை ஒட்டி அந்நகரில் நடைபெறும் அணிவகுப்புகளில் அதற்குப் பெரும் பங்குண்டு. பிற நாடுகளிலும் இத்தகைய குழுக்கள் பல உள.

கோடைகாலத்தில் பழங்கோட்டை ஒன்றின் இடிபாடுகளுக்கருகே இவர்கள் கூடுவர். இரும்புத் தகட்டுக் கவசமும் வெண்கலம் அல்லது இரும்பாலான தலைக்கவசமும் அணிந்த வீரர்கள், வளைந்த பெருங்கேடயங்களை ஏந்தி வரிசையாக வருவர். நூற்றுவர் தலைவனின் தலைக்கவசத்தின்மேல் இருக்கும் சிகை, காதிலிருந்து காதுவரை குறுக்காக நிற்கும். அவன் கையில் திராட்சைக்கொடித் தடி இருக்கும். கட்டளைகள் யாவும் இலத்தீன் மொழியிலேயே பிறக்கும். கேடயங்களைத் தலைக்கு மேலும் பக்கங்களிலும் அடுக்கி ஆமையோடு போல அமைத்து நகர்தலும், எறியீட்டி வீசுதலும், குறுவாளாற் குத்தும் பயிற்சியும் நிகழும். காண்போர் பார்த்து மகிழ்ந்து வீடு திரும்புவர். ஆயின் அவர்கள் காணாத வேலையே இதில் பெரிது. ஒரு மணி நேரக் காட்சிக்குப் பின்னால் நூல்நிலையத்திலும் நூதனசாலையிலும் கொல்லன் பட்டறையிலும் கழிந்த ஆண்டுகள் நிற்கின்றன.

கவசத்தின் கதை ஒன்றே இதனை விளக்கப் போதும். கி.பி. 113இல் உரோம நகரில் நிறுவப்பெற்ற திராயன் மன்னனின் வெற்றித் தூணில், பட்டை பட்டையாக அமைந்த கவசம் அணிந்த வீரர்கள் செதுக்கப்பட்டுள்ளனர். ஆயின் கல்லிலே செதுக்கிய உருவம் கவசத்தின் வெளித்தோற்றத்தை மாத்திரம் காட்டும். உள்ளே அது எங்ஙனம் பொருத்தப்பட்டது என்று கூறாது. ஆங்காங்கே கிடைத்த துருவேறிய துண்டுகளும் முழு வடிவத்தைத் தெரிவிக்கவில்லை. 1964ஆம் ஆண்டு, வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் மதிலுக்கு அண்மையிலுள்ள கோர்பிரிட்ஜ் என்னும் இடத்தில் அகழ்ந்தபோது மரப்பெட்டி ஒன்று வெளிப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதைக்கப்பட்ட அப்பெட்டியினுள் கவசப் பகுதிகளும் ஆயுத முனைகளும் கருவிகளும் ஆணிகளும் ஒருங்கே கிடந்தன. இலண்டன் கோபுரத்து ஆயுதசாலையில் பணிபுரிந்த ரசல் ரொபின்சன் என்னும் அறிஞர், தாமும் கவசம் செய்யும் கைவினையில் வல்லவர். தோல் வார்கள் தகடுகளை உட்புறத்தே இணைத்து நின்ற முறையை அவர் கண்டு, கவசத்தை மீளச் செய்து காட்டினார். 1975இல் வெளிவந்த அவரது நூல் உரோமக் கவசம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. எர்மின் வீதிக் குழுவினர் இத்தகைய ஆராய்ச்சியின் துணைகொண்டே தம் கவசங்களைச் செய்தனர்.

கவசத்தைச் செய்து முடித்தபின் அதனை அணிந்தவர்கள், எந்நூலிலும் இல்லாத சில உண்மைகளை உடம்பினாலே உணர்ந்தனர். ஏறத்தாழ ஒன்பது கிலோ நிறையுள்ள அக்கவசத்தை மெல்லிய அங்கியின்மேல் அணிந்தால், அதன் பாரம் தோள் எலும்பை அழுத்துகின்றது. தகடுகளும் ஒழுங்காகப் படிவதில்லை. தோளின்மேல் தடித்த உள்ளாடை ஒன்று இருந்தால் பாரம் பரவுகின்றது; தகடுகளும் தத்தம் இடத்திலே நிற்கின்றன. கவசத்தின் கீழ் அத்தகைய உள்ளாடை வழங்கியிருத்தல் வேண்டும் என்னும் கருத்துக்கு இவ்வனுபவம் வலுவூட்டியது.

வேறொரு செய்தியும் உண்டு. உரோமக் கோட்டைகளை அகழுமிடங்களில் கவசத்தின் சிறு பித்தளைக் கீல்களும் கொளுவிகளும் மிகுதியாகக் கிடைக்கின்றன. அக்கவசம் அணிந்து சில மாதம் பயின்றவருக்கு இதன் காரணம் எளிதிற் புலப்படும். கவசத்தில் முதலில் உடைவன அவையே. ஒவ்வொரு பயிற்சியின் பின்னும் கீல் ஒன்றோ வார் ஒன்றோ அறுந்து விழும். அதனைத் திருத்தாமல் மறுநாள் அணிய இயலாது. ஆகவே உரோமப் பாசறையில் சுத்தியலின் ஓசை ஓயாது கேட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

காலணியின் செய்தியும் இத்தகையதே. உரோம வீரனின் தோற் செருப்பின் அடியில் இரும்பாணிகள் நெருக்கமாக அடிக்கப்பட்டிருந்தன. மண்ணிலும் புல்லிலும் அவை உறுதியான பிடிப்பைத் தரும். வழவழப்பான கற்றளத்திலோ சறுக்கும். கி.பி. 70இல் நிகழ்ந்த ஜெருசலேம் முற்றுகையை எழுதிய யொசேபசு என்னும் சரித்திர ஆசிரியர், யூலியானுசு என்னும் நூற்றுவர் தலைவன் பகைவரைத் துரத்திச் சென்றபோது ஆணி அறைந்த செருப்பினால் கற்றளத்திற் சறுக்கி விழுந்து கொல்லப்பட்டான் என்று குறிப்பிடுகின்றார். ஏட்டிலே படிப்பவருக்கு இது ஒரு வீரனின் துர்ப்பாக்கியமாகத் தோன்றும். அத்தகைய செருப்பணிந்து கற்படியில் இறங்கிப் பார்த்தவரோ, அக்கூற்றின் உண்மையைத் தம் காலடியிலேயே அறிவர்.

போர் என்பது படைவீரனின் வாழ்வில் ஒரு சிறு பகுதி. எஞ்சிய நாட்களை அவன் எவ்வாறு கழித்தான் என்பதையும் இக்குழுவினர் காட்டுகின்றனர். எண்மர் ஒரு கூடாரத்தில் உறங்குவர். அவர்களின் பொதிகளைக் கோவேறு கழுதை சுமக்கும். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அரைத்த மாவன்று, தானியமே. ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தானியம் என அறிஞர் கணிப்பர். ஆகவே பகல் முழுதும் நடந்து, பாசறைக்கு அகழி தோண்டி முடித்தபின், அவ்வெண்மருள் எவரேனும் திரிகையின் முன் அமர்ந்து எட்டுக் கிலோ தானியத்தை அரைத்தல் வேண்டும். பேரரசு ஒன்றின் வெற்றிகளுக்கெல்லாம் அடியில் இத்திரிகை சுழன்றது. இதனைச் சொற்களாற் கூறுவதிலும், திரிகையை ஒரு சிறுவனின் கையிற் கொடுத்து ஒரு பிடி தானியத்தை அரைக்கச் செய்வதே மேலான பாடமாகும். அதனையே இவர்கள் செய்கின்றனர்.

ஹேட்ரியன் மதிலுக்கு அண்மையிலுள்ள விண்டொலாண்டா என்னும் கோட்டையில் 1973ஆம் ஆண்டு முதலாக வெளிப்பட்ட மெல்லிய மரத் துண்டுகள் இவ்வாழ்வை மேலும் நெருங்கிக் காண உதவின. அவை மையினால் எழுதப்பட்ட கடிதங்களும் கணக்குகளுமாகும். ஒரு கடிதம் காலுறைகளும் செருப்புகளும் உள்ளாடைகளும் அனுப்பப்பட்டமையைத் தெரிவிக்கின்றது. மற்றொன்றில், தன் வீரர்களிடம் பியர் இல்லை, அனுப்பிவைக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்கின்றான். தூணிலே செதுக்கிய சலனமற்ற முகங்களுக்குப் பின்னால் குளிரில் நடுங்கிய மனிதர் இருந்தனர் என்பதை இக்கடிதங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

நெடும் பயணத்தையும் சிலர் நடந்தே ஆராய்ந்தனர். ஓகுஸ்புர்க் என்னும் ஜேர்மன் நகரம் 1985ஆம் ஆண்டு தன் இரண்டாயிரமாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. அவ்வாண்டு மார்க்குசு யுங்கெல்மான் என்னும் ஜேர்மன் சரித்திர அறிஞர், சிறு குழுவொன்றுடன் உரோம வீரரின் கோலத்தில் இத்தாலியின் வெரோனா நகரிலிருந்து புறப்பட்டு, அல்ப்ஸ் மலையைக் கடந்து, ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஓகுஸ்புர்க்கை அடைந்தார். கவசமும் ஆயுதமும் உணவும் கருவிகளுமாக ஒவ்வொருவரும் சுமந்தது நாற்பது கிலோவுக்கு மேல். மாரியுசு என்னும் தளபதியின் வீரர்களை ‘மாரியுசின் கோவேறு கழுதைகள்’ என்று அக்காலத்தார் அழைத்ததன் பொருள் இவ்வாறு நடந்தவர்களுக்கு நன்கு விளங்கியிருக்கும்.

இனி, இம்முறையின் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். இக்குழுவினர் பயன்படுத்துவது பெரும்பாலும் இக்காலத் தொழிற்சாலையில் உருட்டிய உருக்குத் தகடு. அது எங்கும் ஒரே தன்மையுடையது. உரோமக் கொல்லன் உலையில் உருக்கி அடித்த இரும்போ கசடு கலந்தது. இடத்துக்கு இடம் வேறுபடுவது. ஆகவே புதிய கவசம் தாங்கும் அடியைப் பழைய கவசமும் தாங்கியிருக்கும் எனத் துணிதல் இயலாது. முப்பது பேர் செய்யும் பயிற்சியைக் கொண்டு, 480 பேர் கொண்ட படைப்பகுதி போர்க்களத்தில் எவ்வாறு திரும்பியது என்று முடிவு கட்டவும் இயலாது. வீரனின் அங்கி சிவப்பா வெண்மையா என்ற வினாவிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாற் காட்சிக்கு வரும் வீரன் ஏதேனும் ஒரு நிறத்தில் அங்கி அணிந்தே ஆகவேண்டும். நூலாசிரியன் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். வேடம் பூண்டவனுக்கு அவ்வசதி இல்லை. ஆகையினாலே, எது சான்றுடையது, எது ஊகம் என்பதைக் காண்போருக்கு வாயாற் சொல்லுதல் அவன் கடமையாகின்றது. நல்ல குழுக்களின் இலக்கணம் இதுவே. கேட்பவருக்குச் சான்று காட்ட இயலாத குழு வெறும் வேடிக்கைக் கூட்டமாகும்.

இதனினும் ஆழமான எல்லை ஒன்று உண்டு. கவசத்தின் பாரத்தை அணிந்து அறியலாம். அச்சத்தை அணிந்து அறிதல் எவ்வாறு? மாலையானதும் இவ்வீரர் கவசத்தைக் கழற்றிவிட்டு மனைவி மக்களிடம் திரும்புகின்றனர். உரோம வீரனுக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவை காத்திருந்தது. அவன் கட்டளை மீறினால் தண்டனை கொடியது. அன்றியும், அவன் வந்து இறங்கிய நாட்டில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தனர். பிரித்தானியாவில் பூடிக்கா என்னும் அரசியின் தலைமையில் கி.பி. 60, 61ஆம் ஆண்டளவில் எழுந்த கிளர்ச்சி பெருங்குருதிப் பெருக்கில் முடிந்தது. விண்டொலாண்டாவில் கிடைத்த துண்டொன்றில், உள்நாட்டு மக்களைக் குறிக்க ‘அற்பப் பிரித்தானியச் சிறுவர்’ என்னும் பொருள்படும் இகழ்ச்சிச் சொல் ஒன்று வழங்கப்பட்டுள்ளது. காலுறை பற்றிய கடிதம் கிடைத்த அதே கோட்டையிலேதான் இவ்விகழ்ச்சியும் கிடைத்தது. குளிருக்கு அஞ்சிய மனிதனும் பிறரை இகழ்ந்த மனிதனும் ஒரே படையைச் சேர்ந்தோர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மினுக்கிய கவசமும் ஒரே சீரான காலடியோசையும் கண்ணையும் காதையும் எளிதிற் கவர்வன. வென்றவனின் அணிவகுப்பை மாத்திரம் பார்த்து வளரும் சிறுவன், வெற்றியே நாகரிகம் என்று எண்ணிவிடக் கூடும். ஆகவேதான் சில விழாக்களில் உரோமப் படையின் எதிரே அந்நாட்டுப் பழங்குடியினராக வேடம் பூண்டவர்களும் தம் நெசவையும் கொல்லுலையையும் குடிசையையும் காட்டுகின்றனர். அது பாராட்டத்தக்க ஏற்பாடாகும். படைவீரர்க்கும் அதிகாரிகளுக்கும் பணி செய்த அடிமைகளும் அப்பாசறைகளில் இருந்தனர். அவர்களையும் காண்போரின் மனக்கண் முன் நிறுத்தும் குழுவே சரித்திரத்துக்கு நேர்மையாக நடந்துகொள்கின்றது.

நேயர்களே, சரித்திரத்தை மன்னரும் தளபதிகளும் செய்தனர் என்று நம்மிற் பலர் படித்தோம். அத்தளபதிகளின் பெயர்களைக் கல்லும் ஏடும் காத்து வைத்துள்ளன. திரிகை சுற்றிய கையையும், செருப்பாணி தேய நடந்த காலையும், அறுந்த வாரைத் தைத்த விரலையும் பற்றி அவை மிகச் சிறிதே பேசுகின்றன. அக்கையின் உழைப்பைத் தம் கையாற் செய்து பார்த்து, பெயரற்ற அம்மனிதனை ஓரளவேனும் அறிய முயல்வது நல்ல முயற்சி. அதனைச் செய்பவர், அவன் சுமந்த பாரத்தோடு அவன் பிறர்மீது சுமத்திய பாரத்தையும் சேர்த்து எடுத்துரைப்பாராயின், அம்முயற்சி முழுமை பெறும்.