சொக்கத் தங்கத்துக்குக் கணக்கு தெரியுமா?

காசாகச் சேர்த்த 24 காரட் தங்கத்தைத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து நகை செய்பவரா நீங்கள்? இதைப் படியுங்கள்.

சொக்கத் தங்கம் ரொம்ப மெது. அதிலேயே வளையல் செய்து போட்டால் நாலு நாளில் நெளிஞ்சு போகும். அதனால்தான் செம்பும் கொஞ்சம் வெள்ளியும் சேர்த்து உருக்கி 22 காரட் ஆக்குகிறார்கள். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். கடை நகையில் '916' என்று முத்திரை இருக்கே, அதுதான்.

இங்கேதான் கணக்கு. 8 கிராம் சொக்கத் தங்கம் கொடுத்தால், செம்பு சேர்ந்ததும் 8.73 கிராம் ஆகிவிடும். ராவும்போதும் மெருகு போடும்போதும் போகிற சேதாரத்தை அதில்தான் கழிக்கணும். நாமோ, 'கொடுத்ததும் எட்டு, வந்ததும் எட்டு, என்ன நாணயம்!' என்று பூரித்துப் போகிறோம். மீதியைக் கேட்டால் கோபிப்பாரோ என்று ஒரு தயக்கம் வேறு! நல்ல ஆசாரி கோபிக்க மாட்டார், தராசை நம் பக்கம் திருப்பி வைப்பார். சேதாரம் எவ்வளவு, ராவின பொடி யாருக்கு என்பதை முதலிலேயே பேசிடுங்க.

பற்றவைக்க கேட்மியம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள் (கே.டி.எம். என்பார்களே, அது). அதன் புகை ஊதுகிறவர் நுரையீரலைக் கெடுக்கும்.

கடை நகைக்கு 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகி வருகிறது. நாமே கொடுத்துச் செய்யும் நகையில் முத்திரை இருக்காது. சந்தேகமா? ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டி மாற்று பார்த்துக் கொள்ளலாம்.

— ஒரு வாசகி, மங்களூர், கடலூர் மாவட்டம்.