மகாஜனபதம்: கால் ஊன்றிய மண்

ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். சரித்திரம் படித்தவன் அல்லன். பணிக்கு வந்து, வீடும் கட்டிக்கொண்ட இந்த உஜ்ஜயினி, பழைய அவந்தி நாட்டின் தலைநகர் என்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சென்ற மாதம் பேத்தி பாடப் புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, மகாஜனபதம்னா என்ன?" என்றாள். "பேரரசு" என்றேன். அது தவறு என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

'ஜன' என்றால் மக்கள், குலம். 'பத' என்றால் காலடி. அலைந்து திரிந்த குலம் கால் ஊன்றிய மண்ணே ஜனபதம். பாணினியின் இலக்கணத்திலும் இச்சொல் உண்டு. கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில் செழித்த பெரிய ஜனபதங்கள் 16 என்று பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் பட்டியல் தருகிறது. மகதம், கோசலம், அவந்தி எல்லாம் அதில் வரும். விந்தியத்துக்குத் தெற்கே இருந்தது கோதாவரிக் கரை அஸ்மகம் மட்டுமே. வஜ்ஜியிலும் மல்லத்திலும் தனி மன்னர் ஆட்சி இல்லை. குலத்தலைவர்கள் சபை கூடி ஆண்டார்கள். ஆகவே 'பேரரசு' பொருந்தாது, 'பெருநாடு' எனலாம்.

பேத்தியிடம் திருத்திச் சொன்னேன். "அப்போ நம்ம ஜனபதம் கும்பகோணமா, உஜ்ஜயினியா?" என்று கேட்டுவிட்டாள்.

இன்னும் பதில் சொல்லவில்லை. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பேரன் பேத்திகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?